இஞ்சிப் பியரைப் போத்தலில் அடைத்தல்: சீனி, வெப்பம், மூடி

வீட்டில் நொதிக்கவைத்த பானத்தைப் போத்தலில் ஊற்றி மூடியிடுவதைப் பலர் கடைசி வேலையாகவே எண்ணுகின்றனர். பானம் ஆகிவிட்டது, இனிப் பத்திரப்படுத்தினால் போதும் என்பது அவர்களுடைய கணிப்பு. ஆனால் பியர் என்றாலும் இஞ்சிப் பியர் என்றாலும், மூடியைத் திறக்கும்போது சீறிக்கொண்டு வெளிவரும் வாயுவின் பெரும்பகுதி மூடியிட்ட பின்னர் உண்டானதுதான். மூடி இறுகிய பிறகும் உள்ளே நொதித்தல் நடந்துகொண்டே இருக்கிறது. அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை உள்ளே மிஞ்சியிருக்கும் சீனி தீர்மானிக்கிறது. எவ்வளவு விரைவாகச் செல்லும் என்பதை வெளியே இருக்கும் வெப்பம் தீர்மானிக்கிறது. மூடியும் கண்ணாடியும் அதனால் எழும் அமுக்கத்தைத் தாங்கி நிற்கின்றன, அவ்வளவுதான். திருகோணமலையில் இந்த வேலையைத் தொடங்குபவர் வேறு எதையும் கற்பதற்கு முன்னர் இதனைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில் ஆங்கில நூல்களிலும் காணொளிகளிலும் சொல்லப்படும் நாட்கணக்குகள் பெரும்பாலும் 20 பாகை செல்சியஸ் அளவிலான அறைகளுக்கு உரியவை. நமது அடுப்படிகளில் 30 பாகை சாதாரணம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதற்கும் மேலே போகும்.

பியரை விட்டுவிட்டு இஞ்சிப் பியரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் உற்பத்தி செய்வது குற்றமாகும். பிரித்தானியாவிலோ அவுஸ்திரேலியாவிலோ இருக்கும் நமது உறவினர் வீட்டில் பியர் செய்து போத்தலில் அடைக்கலாம். திருகோணமலையின் உப்புவெளியில் இருக்கும் நாம் அதைச் செய்ய முடியாது. ஆயினும் போத்தல், மூடி, சீனிக் கணக்கு, அமுக்கம் ஆகிய அனைத்தும் இரண்டு பானங்களுக்கும் பொதுவானவை. பியர் செய்வோர் கைக்கொள்ளும் முறையை ஆங்காங்கே ஒப்பிட்டுச் சொல்வேன், ஏனெனில் இஞ்சிப் பியரில் உள்ள ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதை அந்த ஒப்பீடுதான் நன்றாகக் காட்டும்.

முதலில் வாயு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். பாண் போடுவதற்காகக் கடையில் வாங்கும் ஈஸ்ட், அதாவது பாடசாலை நூல்கள் சொல்லும் மதுவம், சீனியை உண்டு மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடுகிறது. கள்ளு இறக்குபவர் நிரம்பிய போத்தலின் வாயைத் துணியாலோ ஓலைச் சுருளாலோ தளர்வாக அடைத்துக் கொண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். கள்ளு முட்டியிலேயே நொதிக்கத் தொடங்கிவிடுகிறது. இறுக அடைத்தால் வாயு போக வழியின்றி அடைப்பைத் தள்ளும், அல்லது போத்தலை உடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். கூட்டுறவுச் சங்கங்கள் போத்தலில் அடைத்து விற்கும் கள்ளு மூடியோடு நெடுநாள் இருப்பதற்குக் காரணம், அதைச் சூடாக்கி மதுவத்தைக் கொன்றுவிடுவதுதான். கடையில் வாங்கும் மென்பானங்களில் மதுவம் இல்லை. அவற்றுக்குள் வாயுவைத் தொழிற்சாலையில் வெளியிலிருந்து செலுத்துகின்றனர். நாம் செய்யப்போவது இவ்விரண்டுக்கும் நடுப்பட்ட ஒன்று: மதுவம் உயிரோடு இருக்கும், மூடியும் இறுகியிருக்கும்.

இஞ்சிப் பியரின் நுண்ணுயிர்களை முறையாக ஆராய்ந்தவர் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் ஆங்கிலேயத் தாவரவியலாளர். இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயை ஆராய்வதற்காக 1880 முதல் 1882 வரை இந்தத் தீவில் இருந்தவரும் அவரேதான். பிற்காலத்தில் அவர், இங்கிலாந்து வீடுகளில் கைமாறிக்கொண்டிருந்த 'இஞ்சிப் பியர்ச் செடி' என்ற வெண்ணிறக் கட்டியை எடுத்து ஆராய்ந்து, அது செடியே அல்ல, மதுவமும் பற்றீரியாவும் ஒன்றோடொன்று பிணைந்து வாழும் கூட்டு என்று 1892 இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். அந்தக் கட்டி இன்று நமக்குத் தேவையில்லை. பாண் ஈஸ்ட் கால் தேக்கரண்டி, நான்கு லீற்றருக்குத் தாராளமாகப் போதும்.

சீனிக் கணக்கு

கணக்கு என்றவுடன் தாண்டிச் செல்ல வேண்டாம். இந்தப் பகுதிதான் உங்கள் கையையும் கண்ணையும் காப்பாற்றப் போகிறது. 342 கிராம் சீனி முற்றாக நொதித்தால் 176 கிராம் காபனீரொட்சைட்டும் 184 கிராம் எதனோலும் கிடைக்கும் என்பது இரசாயனச் சமன்பாடு சொல்லும் கணக்கு. சுருக்கமாகச் சொன்னால், ஒரு கிராம் சீனியிலிருந்து அரைக் கிராம் வாயுவும் ஏறத்தாழ அதே அளவு மதுசாரமும் வரும். பியர் செய்வோர் வாயுவைக் கனவளவு கொண்டு அளப்பார்கள். ஒரு லீற்றர் பானத்துக்குள் ஒரு லீற்றர் வாயு கரைந்திருந்தால் அது ஒரு கனவளவு. அதன் நிறை ஏறத்தாழ 2 கிராம். லாகர் வகைப் பியரில் இரண்டரைக் கனவளவு இருக்கும். இஞ்சிப் பியருக்கும் அந்த அளவை இலக்காக வைத்துக்கொண்டால், லீற்றருக்கு 5 கிராம் வாயு வேண்டும். அதை உண்டாக்கச் செலவாகும் சீனி 10 கிராம் மாத்திரம். மட்டமாக அள்ளிய இரண்டரைத் தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பியரையும் இஞ்சிப் பியரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பியர் செய்பவர் தமது பானத்தை வாளியில் இரண்டு மூன்று வாரங்கள் விட்டு, நொதிக்கக்கூடிய சீனி முழுவதும் தீர்ந்துவிட்டதா என்று அடர்த்திமானியால் சோதித்து உறுதி செய்கிறார். அதன் பின்னர்தான் போத்தலில் அடைப்பதற்கு முன்பாக லீற்றருக்கு ஆறேழு கிராம் சீனியை அளந்து சேர்க்கிறார். பானத்தில் ஏற்கெனவே கொஞ்சம் வாயு கரைந்து நிற்பதால் 10 கிராம் முழுவதும் தேவைப்படுவதில்லை. அந்தச் சிறிய அளவைத் தின்று தீர்த்ததும் மதுவம் பட்டினியால் அடங்கிவிடும். எத்தனை மாதம் அலுமாரியில் கிடந்தாலும் அமுக்கம் அதற்கு மேல் ஏறாது. அவருடைய பாதுகாப்பு சீனி தீர்ந்துபோவதில் இருக்கிறது.

இஞ்சிப் பியர் இனிப்பாக இருக்க வேண்டும். லீற்றருக்கு 100 கிராம் அளவில் சீனி சேர்க்கிறோம். அதில் 10 கிராம் வாயுவாக மாறும்போது நிறுத்திவிட்டு மிகுதி 90 கிராமையும் இனிப்புக்காக அப்படியே விட்டுவைக்க விரும்புகிறோம். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்பது மதுவத்துக்குத் தெரியாது. அந்த 100 கிராமும் நொதித்தால் லீற்றருக்கு 50 கிராம் வாயு உண்டாகும். 30 பாகை வெப்பத்தில் அதை அடக்கி வைக்க ஏறத்தாழ 40 வளிமண்டல அமுக்கத்தை, அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அமுக்கத்தைப்போல் 40 மடங்கை, தாங்கும் பாத்திரம் வேண்டும். தடித்த கண்ணாடியாலான ஷாம்பெயின் போத்தலுக்குள் இருப்பதுகூட ஆறு வளிமண்டல அளவுதான். ஆகவே இஞ்சிப் பியரில் சீனி தீர்வதற்கு நெடுநேரம் முன்பே போத்தல் உடைந்துவிடும். நமது பாதுகாப்பு குளிரில் மட்டுமே இருக்கிறது. சரியான நேரத்தில் குளிர்சாதனப்பெட்டிக்குள் வைக்க வழியில்லாதவர் இஞ்சிப் பியரைக் கண்ணாடிப் போத்தலில் அடைக்கவே கூடாது என்பது எனது உறுதியான கருத்து.

வெப்பம் செய்யும் இரட்டை வேலை

வாயு ஒரு திரவத்தில் எவ்வளவு கரையும் என்பது அதன் மேலுள்ள அமுக்கத்தைப் பொறுத்தது என்று வில்லியம் ஹென்றி 1803 இல் எடுத்துக்காட்டினார். வெப்பநிலையும் அதில் பங்கு கொள்கிறது. சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் ஒரு லீற்றர் நீரில் 0 பாகையில் 3.3 கிராம் அளவு காபனீரொட்சைட்டு கரையும்; 20 பாகையில் 1.7 கிராம், 30 பாகையில் 1.25 கிராம் அளவுதான். அதாவது சூடு ஏற ஏற வாயு திரவத்தில் நிற்க மறுத்து, மூடிக்கும் திரவத்துக்கும் இடையிலுள்ள வெற்றிடத்துக்குள் ஏறி, அங்கிருந்து கண்ணாடியைத் தள்ளுகிறது. லீற்றருக்கு 5 கிராம் வாயு உள்ள அதே போத்தல், குளிர்சாதனப்பெட்டியில் 5 பாகையில் இருக்கும்போது வெளிக்காற்றைவிட ஒரு வளிமண்டலத்துக்கும் குறைவான மேலதிக அமுக்கத்தையே கொண்டிருக்கும். அதை எடுத்து 30 பாகை அறையில் வைத்தால் அது மூன்று வளிமண்டலமாக உயரும். ஒரு காரின் ரயருக்குள் இருப்பது இரண்டு அளவு என்றால், நீங்கள் கையில் பிடித்திருப்பது எதை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

வெப்பத்தின் மற்ற வேலை, மதுவத்தை விரட்டி விரட்டி வேலை வாங்குவது. குளிர்ந்த நாட்டில் பியர் போத்தல்களை ஒன்றிரண்டு வாரம் வைத்திருந்தால்தான் வாயு பிடிக்கும். இங்கே இனிப்பான இஞ்சிப் பியர் ஒரு பகல், ஓர் இரவுக்குள் இறுகிவிடக் கூடும். மாரி காலத்து மழை நாளில் சற்று மெதுவாகும். ஆவணி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் எண்ணியதற்கு முன்னரே முடிந்துவிடும். ஆகவே நாட்கணக்கை நம்பாமல் போத்தலின் நிலையைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் நமக்கு வேண்டும். அதற்கான எளிய வழியைப் பின்னர் சொல்கிறேன்.

எந்தப் போத்தல்

பழைய போத்தல் வாங்கி விற்பவரிடம் சென்றால் எல்லாவற்றையும் ஒரே குவியலில் காட்டுவார். அதில் தெரிந்தெடுக்க வேண்டியது வாயுப் பானத்துக்கென வார்க்கப்பட்ட போத்தலை மாத்திரம்: 625 மில்லிலீற்றர் பெரிய பியர்ப் போத்தல், அல்லது திருப்பிக் கொடுக்கும் வகையைச் சேர்ந்த தடித்த சோடாப் போத்தல். சாராயப் போத்தல் பார்வைக்கு உறுதியானதாகத் தெரியும். ஆனால் சாராயத்தில் வாயு இல்லை, அந்தக் கண்ணாடி உள்ளிருந்து வரும் அமுக்கத்தை எதிர்பார்த்து வார்க்கப்பட்டதும் இல்லை. தட்டையான அரைப் போத்தலும் சதுரப் போத்தலும் இன்னும் மோசமானவை, ஏனெனில் அமுக்கம் தட்டையான பக்கங்களை வெளியே வளைக்க முயன்று மூலைகளில் விசையைக் குவிக்கிறது. வட்ட உருளைதான் விசையை எல்லாப் பக்கமும் சமமாகப் பகிர்கிறது. கோர்டியல் போத்தல், சோஸ் போத்தல், தேன் போத்தல் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம்.

சரியான வகைப் போத்தலையும் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வாயின் விளிம்பில் நகம் தட்டுப்படும் அளவுக்குச் சிறிய உடைவு இருந்தாலும் மூடி இறுகாது. உடலில் ஆழமான கீறல் இருந்தால் அமுக்கம் ஏறும்போது உடைவு அந்த இடத்திலிருந்துதான் தொடங்கும். பல முறை தொழிற்சாலைக்குப் போய் வந்த போத்தலின் தோளிலும் அடியிலும் உரசலால் வெளுத்த வளையம் ஒன்று தெரியும். அது மிகவும் அகலமாக இருந்தால் ஒதுக்கிவிடலாம். திருகு மரை உள்ள வாயில் அழுத்து மூடி நம்பகமாகப் பிடிக்காது. பியர் செய்வோர் மண்ணிறப் போத்தலையே விரும்புவதற்குக் காரணம், ஹொப்ஸ் என்னும் கசப்புப் பூவிலிருந்து வந்த பொருட்கள் வெளிச்சம் பட்டால் துர்நாற்றம் வீசும் என்பதாகும். இஞ்சிப் பியரில் ஹொப்ஸ் இல்லை. எந்த நிறமும் ஆகும்.

வாயுப் பானங்கள் வரும் பிளாஸ்டிக் போத்தலைக் கேவலமாக எண்ண வேண்டாம். அது கண்ணாடியைவிட உறுதியாகவே வாயுவைத் தாங்கும், மீறினாலும் கண்ணாடிச் சிதறல் இல்லை, இறுக்கத்தை விரலால் அழுத்தியே அறியலாம். முதன்முதலாகச் செய்பவர் முழுவதையும் பிளாஸ்டிக்கில் அடைத்துப் பார்த்துவிட்டு, தமது அடுப்படியின் வேகம் பிடிபட்ட பின்னர் கண்ணாடிக்கு மாறுவதே நல்லது. தண்ணீர் விற்கும் மெல்லிய போத்தல் இதற்கு உதவாது.

மூடி எப்படிப் பிடிக்கிறது

பற்கள் போன்ற விளிம்புடைய உலோக மூடியைச் சோடா மூடி என்றே நாம் சொல்கிறோம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வாழ்ந்த வில்லியம் பெயின்டர் 1892 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய மூடியில் 24 பற்கள் இருந்தன. இன்றைய மூடியில் 21. உட்புறத்தில் அப்போது தக்கைத் தகடு இருந்தது, இப்போது மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. வேறு பெரிய மாற்றம் எதுவுமின்றி நூறாண்டுக்கு மேலாக ஒரு பொருள் அப்படியே புழங்குகிறது என்றால் அதன் அமைப்பில் உள்ள அறிவை வியக்கத்தான் வேண்டும்.

புதிய மூடியின் பாவாடை போன்ற பக்க விளிம்பு சற்று விரிந்திருக்கும். அதைப் போத்தல் வாயில் வைத்து, மணி வடிவக் குழிவுள்ள கருவியால் நேர் கீழாக அழுத்தும்போது இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. மேலே, படலம் கண்ணாடி விளிம்பின் மீது நசுங்கி வாயு புகாத அடைப்பை உண்டாக்குகிறது. பக்கத்தில், பற்கள் உள்நோக்கி மடிந்து, வாய்க்குக் கீழே கண்ணாடியில் துருத்திக்கொண்டிருக்கும் வளையத்தைக் கவ்விக்கொள்கின்றன. அடைப்பது படலம், பிடிப்பது பற்கள். உள்ளிருந்து வாயு மேல்நோக்கித் தள்ளும்போது மூடி எழும்பாமல் நிற்பது இந்தக் கவ்வலால்தான். அழுத்தம் சரிந்து விழுந்தால் ஒரு பக்கப் பற்கள் மடியும், மறுபக்கம் விரிந்தே நிற்கும். வாயு மெல்லக் கசிந்து, திறக்கும்போது சீனித்தண்ணீர்தான் மிஞ்சும்.

மூடி அழுத்தும் கருவி இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று, இரு கைப்பிடிகளைப் பறவை இறக்கை மடிப்பதுபோல் ஒரே நேரத்தில் கீழே இறக்கும் கைக்கருவி. அது போத்தலின் கழுத்து வளையத்தைத் தாடைகளால் பற்றிக்கொண்டு அழுத்துவதால், கழுத்து வளையம் சரியான வடிவில் இல்லாத போத்தல்களில் வழுக்கும். கழுத்தை உடைக்கவும் கூடும். மற்றது, மேசையில் நிறுத்தி ஒற்றைக் கைப்பிடியால் இறக்கும் கருவி. விலை கூடியது, ஆனால் போத்தல் தன்னுடைய அடியில் உறுதியாக நிற்பதால் அழுத்தம் நேராக விழும். சுத்தியலால் அடித்து மூடும் குழிக் கருவியும் உண்டு. கண்ணாடி வாயின் மேல் சுத்தியலை ஓங்கும் எந்த முறையையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மூடியும் வாயும் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். பொதுவான அளவு 26 மில்லிமீற்றர். ஷாம்பெயின் வகைப் போத்தல்கள் சிலவற்றுக்கு 29 மில்லிமீற்றர் வேண்டும்.

மூடியிட்ட பின்னர் விரல்களால் அதைத் திருகிப் பாருங்கள். அசையக் கூடாது. பற்கள் சுற்றிவர ஒரே சாய்வில் மடிந்திருக்க வேண்டும். ஐயம் இருந்தால், வாயு பிடித்த பிறகு போத்தலின் கழுத்தை வாளித் தண்ணீருக்குள் தலைகீழாக அமிழ்த்தினால் கசியும் மூடி குமிழியாகக் காட்டிக்கொடுக்கும். நமது ஊரில் இன்னொரு கவனமும் தேவை. கடற்காற்று படும் வீடுகளில் மூடிப் பைக்கற்றைத் திறந்து வைத்தால் பற்களின் ஓரத்தில் துரு பிடித்துவிடும். காற்றுப் புகாத பேணியில் போட்டு வையுங்கள்.

நிரப்புதல்

துப்புரவு செய்வதும் கிருமி நீக்குவதும் வேறு வேறு வேலைகள். அடியில் காய்ந்து ஒட்டிய அழுக்கு இருக்கும்வரை எந்த மருந்தும் அதற்கடியில் உள்ள கிருமியைச் சென்றடையாது. ஆகவே முதலில் நீண்ட தூரிகையாலும் வெந்நீராலும் கழுவி, வெளிச்சத்தில் பார்த்து, அதன் பின்னர் குழந்தைகளின் பால் போத்தலுக்குப் பாவிக்கும் கிருமிநீக்கிக் கரைசலில் அதன் உறையில் குறிப்பிட்ட நேரம் ஊறவிடலாம். அல்லது பெரிய பானையில் குளிர்ந்த நீரோடு போத்தல்களை வைத்து மெல்லக் கொதிக்கவிட்டு மெல்லவே ஆறவிடலாம். குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீரைத் திடீரென ஊற்றினால் வெடித்துவிடும். வீட்டில் துணி வெளுக்கும் திரவத்தைப் பாவிப்பவர் அதனோடு வினாகிரியையோ தேசிக்காயையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிகளையும் கரைசலில் நனைத்தெடுத்தால் போதும்.

பானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு லீற்றர் நீருக்கு 150 கிராம் இஞ்சியை இடித்து, 400 கிராம் சீனியோடு கொதிக்கவைத்து, முற்றாக ஆறவிட்டு, நான்கு தேசிக்காய்களின் சாறும் கால் தேக்கரண்டி ஈஸ்டும் சேர்க்க வேண்டும். சூடு ஆறாமல் ஈஸ்டைப் போட்டால் அது செத்துவிடும். சில மணி நேரத்தில் மேற்பரப்பில் நுரை கட்டத் தொடங்கும். அப்போது வெள்ளைத் துணியில் வடித்துப் போத்தலுக்குப் போகலாம். துணியில் நன்றாகப் பிழிந்து வடிப்பது முக்கியம், ஏனெனில் இஞ்சித் தும்பு மிஞ்சினால் திறக்கும்போது வாயு முழுவதும் அந்தத் தும்புகளைச் சுற்றியே திரண்டு பொங்கி வழியும்.

பியர் செய்பவர் ஒரு குழாயைப் போத்தலின் அடிவரை விட்டு, கீழிருந்து மேலாகச் சலசலப்பின்றி நிரப்புவார். நொதித்து முடிந்த பியரில் காற்று கலந்தால் அதன் சுவை சில வாரங்களில் நனைந்த காகித மட்டைபோல் ஆகிவிடும். சில நாட்களில் குடித்து முடிக்கும் இஞ்சிப் பியருக்கு அந்தக் கவலை பெரிதில்லை, புனல் போதும்.

மேலே விடும் இடைவெளி இரண்டரை முதல் மூன்று சென்ரிமீற்றர் இருக்கட்டும். விளிம்புவரை நிரப்பினால், பானம் சூடேறி விரியும்போது அதற்கு இடமில்லை; திரவம் வாயுவைப்போல் சுருங்கிக் கொடுக்காது என்பதால் அமுக்கம் சட்டென்று எகிறும். மறுபுறம், இடைவெளியை அதிகமாக விட்டால் வெடிக்காது என்றொரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. சீனி மிஞ்சியிருக்கும்வரை மதுவம் அந்த இடத்தையும் வாயுவால் நிரப்பும், கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவே. உண்மையில் பாதி நிரம்பிய போத்தல் உடைந்தால் சிதறல் இன்னும் வேகமாகப் பறக்கும், ஏனெனில் அமுங்கிய வாயுவே அந்த விசையைச் சேர்த்து வைத்திருக்கிறது.

காத்திருப்பும் நிறுத்துவதும்

எத்தனை கண்ணாடிப் போத்தல் அடைத்தாலும் அதே பானத்தில் ஒரு சிறிய பிளாஸ்டிக் போத்தலையும் நிரப்பி, அதே இடைவெளி விட்டு, மற்றவற்றின் பக்கத்திலேயே வையுங்கள். இதுதான் நான் முன்னர் சொன்ன எளிய வழி. அடைத்தபோது விரலுக்கு நெகிழ்ந்து கொடுத்த அந்தப் போத்தல் கடைச் சோடாப் போத்தலைப்போல் இறுகிவிட்டால், கண்ணாடிக்குள்ளும் அதே அளவு வாயு சேர்ந்துவிட்டது என்று பொருள். அந்த மணி நேரத்திலேயே அனைத்தையும் குளிர்சாதனப்பெட்டிக்கு மாற்ற வேண்டும். நாளைக் காலை பார்க்கலாம் என்று விடக் கூடாது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது அழுத்திப் பார்க்க முடியாத நாளில் இந்த வேலையைத் தொடங்காதிருப்பது நல்லது. போத்தலுக்கு இரண்டு முந்திரிகை வற்றல் போடும் பழைய வழக்கமும் இதற்கே பயன்படும். வாயுக் குமிழிகள் ஒட்டியதும் வற்றல் மேலே மிதக்கும். ஆனால் அது வாயு தொடங்கிவிட்டதைச் சொல்லுமே தவிர, போதும் என்பதைச் சொல்லாது.

காத்திருக்கும் நேரத்தில் போத்தல்களை மூடியுள்ள ரெஜிபோம் மீன் பெட்டிக்குள் நிற்கவைப்பது இந்த ஊருக்கு மிகப் பொருத்தமான ஏற்பாடு. மீன் துறையில் பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கும். வெயிலின் ஏற்ற இறக்கத்தை அது தடுக்கும். ஒரு போத்தல் உடைந்தாலும் தடித்த சுவர் சிதறலைப் பெருமளவு ஏந்திக்கொள்ளும். சாக்கை நனைத்துப் போர்த்துவது கச்சான் காலத்து வறண்ட காற்றில் நன்றாகக் குளிர்த்தும். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவாகப் பயன் தராது.

குளிர் மதுவத்தைக் கொல்வதில்லை, உறங்கவைக்கிறது. குளிர்சாதனப்பெட்டிக்குள்ளும் மிக மெதுவாக வாயு கூடிக்கொண்டிருக்கும் என்பதால் ஒரு வாரத்துக்குள் குடித்து முடிப்பது நன்று. 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட காலத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்படி நெடுநேரம் மின்சாரம் இல்லாத நாளில் பெட்டிக்குள் சூடு ஏறி மதுவம் மறுபடியும் விழித்துக்கொள்ளும். கூடிய விரைவில் அவற்றைத் திறந்து குடித்துவிடுவது அல்லது ஊற்றிவிடுவதே பாதுகாப்பு. அடைத்த போத்தலை அடுப்பில் சூடாக்கி மதுவத்தைக் கொல்லும் முறையைச் சிலர் எழுதுகிறார்கள். வாயு நிறைந்த கண்ணாடியைச் சூடாக்கும்போது அமுக்கம் பல மடங்கு ஏறும் என்பதை மேலே பார்த்தோம். புதியவர் அதற்குப் போக வேண்டாம்.

அளவுக்கு மீறி இறுகிவிட்டதாகச் சந்தேகப்படும் கண்ணாடிப் போத்தலை வெறுங்கையால் தூக்க வேண்டாம். தடித்த கையுறையும் கண்களுக்குக் கவசமும் அணிந்து, போத்தலைத் தடித்த துவாயால் சுற்றி, அசைக்காமல் குளிர்சாதனப்பெட்டிக்குள் வைத்து, முழு இரவு குளிர்ந்த பின்னரே திறக்க வேண்டும். அந்தப் போத்தல் வேண்டாம் என்று தோன்றினாலும் குப்பைக்குள் எறியாதீர்கள். குப்பை அள்ள வருபவரின் கையில் அது வெடிக்கலாம்.

மதுசாரத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டரைக் கனவளவு வாயுவோடு நிறுத்திய பானத்தில் அரைச் சதவீதத்துக்குச் சற்று மேல் மதுசாரம் தவிர்க்க முடியாமல் சேர்ந்திருக்கும். 100 கிராம் சீனியும் நொதித்தால் அது ஆறு சதவீதத்தைத் தாண்டி, பெயரளவில் மட்டும் இஞ்சிப் பியராக இருக்கும். சமயத்தின் பொருட்டோ உடல்நலத்தின் பொருட்டோ மதுசாரத்தை முற்றாகத் தவிர்ப்பவர் வீட்டுக்கு வந்தால், இஞ்சியும் சீனியும் காய்ச்சிய பாணியைக் கடைச் சோடாவில் கலந்து கொடுங்கள். அதில் மதுவம் இல்லை. போத்தலில் அடைக்கும் வேலையும் இல்லை. சிறுவர்களுக்கும் அதையே கொடுக்கலாம்.

திறப்பதற்கு முன்னர் போத்தல் ஓரிரவு முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும், ஏனெனில் வெற்றிடத்தில் நிற்கும் வாயு திரவத்துக்குள் இறங்கிக் கரைவதற்கு நேரம் எடுக்கும். அவசரமாக ஐஸில் வைத்துத் திறந்தால் நுரை மேலே பாயும், கீழே வெறும் தண்ணீர் நிற்கும். அடியில் படிந்திருக்கும் வெண்மையான மண்டி மதுவமே. குடித்தால் தீங்கில்லை, ஆனால் மாவு மணம் வரும். போத்தலைச் சாய்த்த நிலையிலேயே வைத்து ஒரே ஊற்றாகக் குவளையில் ஊற்றி, கடைசி இரண்டு விரல் அளவை விட்டுவிடுங்கள். அந்த மண்டி காய்ந்து ஒட்டுவதற்கு முன்னர் அப்போதே போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால் அடுத்த தடவை தூரிகை வேலை மிச்சம். கழற்றிய சோடா மூடியை மறுபடியும் பாவிக்க முடியாது. ஒருமுறை வளைந்த பற்கள் மீண்டும் இறுகப் பிடிக்காது.